பாடையில் படுத்த பட்டதாரி

நான் செத்தது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, தேனி பங்களாமேட்டில். நாலு பேர் தோள் கொடுத்தார்கள். கொட்டுக்காரர்கள் முன்னால் போனார்கள். ஏழெட்டுப் பெண்கள் மாரடித்து அழுதார்கள். புதிய அரசாங்கம் வேலைவாய்ப்பைக் கொன்றுவிட்டது என்று ஊருக்குக் காட்ட எதிர்க்கட்சி ஒரு பாடை கட்டியது. அதில் பிணமாகப் படுக்க என்னைக் கூப்பிட்டார்கள், நானும் போய்ப் படுத்தேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கல்யாணமாகிப் பதினோரு மாதம்.

இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானே முதல் இரண்டு நிமிடம் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கிடந்தேன்.

கடமலைக்குண்டில் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பி.ஏ. வரலாறு. தேர்வு முடிவு வந்த வாரமே மதுரைக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை. பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் வரிசையில் நமக்கிருந்த இடம் போய்விடும், மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். அந்தப் பயத்தில் புதுப்பிக்க வேண்டிய மாதம் பிறந்த முதல் நாளே போய் நிற்பேன். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மொட்டைத் தலையோடு போய் நின்றிருக்கிறேன். இப்படிப் பதினோரு வருடம்.

ஒரு தை மாதத்தில் அழைப்பு வந்தது. ஒரு அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர் வேலை. பழைய கோப்புகளை அடுக்கி வைப்பதும் கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும்தான். பி.ஏ. படித்தவன் செய்ய வேண்டிய வேலையா என்று யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பேன். சான்றிதழ்களைச் சரிபார்த்தார்கள். அடுத்த வாரம் தேனியில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஐந்து பேர். நான்காவது என் பெயர். ஐந்தாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஆறாவதிலிருந்து காத்திருப்போர் பெயர்கள். ஆணை பத்து நாளில் தபாலில் வரும் என்றார்கள்.

பத்து நாளில் ஆணை வரவில்லை, பெண் வந்தது. வடுகபட்டியில் பூண்டு மண்டியில் மேஸ்திரியாக இருந்த பெண்ணின் அப்பா, தரகர் சொன்னதை நம்பாமல், தானே பஸ் ஏறித் தேனிக்குப் போய் அந்தப் பலகையைப் படித்துப் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை. உள்ளே யாரையோ பிடித்துப் பட்டியலை நகல் எடுத்துக்கொண்டு வந்து, சொந்தக்காரர் வீடு வீடாகக் காட்டினார். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே ‘பதிவறை எழுத்தர் (தேர்வு)’ என்று அச்சடிக்கச் சொன்னதும் அவர்தான். நான் மறுக்கவில்லை. எனக்கும் அந்த அடைப்புக்குறி சீக்கிரம் போய்விடும் என்ற நம்பிக்கை இருந்தது.

பங்குனிக்குள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியட்டும் என்றார்கள். சித்திரையில் கல்யாணம் நடந்தது. வைகாசியில் ஆட்சி மாறியது. கொஞ்ச மாதம் கழித்து, கஜானா காலி, புதிய நியமனங்கள் எல்லாம் நிறுத்திவைப்பு என்று செய்தி வந்தது. எங்கள் பட்டியல் அதோடு நின்றது.

என் மனைவி பத்தாவது வரை படித்தவள். பதினாறு வயதிலிருந்து மண்டியில் பூண்டு தரம் பிரித்தவள். காய்ந்த தாளை அரிந்து, தோல் ஊதி, பெரிது பருவட்டு, சிறிது பொடி என்று பிரித்துப் போட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம், “இனிமே கவருமெண்டு ஆளு பொண்டாட்டி, இங்கன என்ன சோலி?” என்று மண்டிப் பெண்கள் கேலி செய்து அனுப்பிவைத்திருந்தார்கள். நியமனம் நின்றுபோன செய்தி வந்த மறு வாரம் அவள் அதே மண்டிக்கு அதே கூடையோடு திரும்பிப் போனாள். என்னிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை.

தேனியில் வீடு பார்ப்பதாக இருந்த நாங்கள், வடுகபட்டியில் மாமனார் வீட்டுப் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டோம். பெரியகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. படிவம் நிரப்பிக் கொடுப்பேன். சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, வேலைவாய்ப்புப் பதிவு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே பக்கத்துக் கடைகளைத் தாண்டி என்னிடம் வருவார்கள். வேலை கேட்கிற விண்ணப்பத்தை நான் எழுதினால் ராசி என்று ஒரு பேச்சுகூடக் கிளம்பியது. என் முகத்தைப் பார்த்துமா அப்படிச் சொன்னார்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான்.

அந்தக் கடைக்குத்தான் ஒன்றியம் வந்தார். கட்சியின் ஒன்றியச் செயலாளரை எங்கள் பக்கத்தில் பதவியைச் சொல்லியே கூப்பிடுவது வழக்கம். நேற்றுவரை ஆளுங்கட்சி, இப்போது எதிர்க்கட்சி. வேட்டி மட்டும் அதே வெள்ளை.

“தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணணும்,” என்றார். “வர்ற புதங்கெழமை தேனியில ஆர்ப்பாட்டம். வேலைவாய்ப்பு செத்துப்போச்சுன்னு பாடை கட்டித் தூக்குறோம். வழக்கமா வைக்கோல் பொம்மைதேன். மதுரையிலருந்து பேச்சாளர் வாராக. நெசமாவே வேலை நின்னுபோன ஆளு ஒருத்தன் படுத்திருந்தாப் பேச்சு நல்லா எடுக்கும்னு சொல்லி விட்டிருக்காக.”

நான் யோசித்தேன். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, “உங்க பட்டியல் விசயத்தைத் தீர்மானமாவே போட்டுருவோம். சட்டசபையில நம்ம ஆளுக கேள்வி எழுப்புவாக. ஒரு கேள்வி வந்துச்சுன்னா பைல் தானா நகரும்,” என்றார்.

எனக்குக் கேள்வி என்ற சொல் பிடித்துப்போயிற்று. பதினோரு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் எங்கேயும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

வீட்டில் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவுகதேன அஞ்சு வருசம் இருந்தாக? தையில லிஸ்ட்டு ஒட்டுனவுக மாசியில ஆர்டரு குடுத்திருக்கலாம்ல? அப்ப எதைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாக?”

“சட்டசபையில பேசுறேங்கிறாரு.”

“பேசுவாக. பேசுறதுதேன அவுக சோலி. உசுரோட இருக்கிற ஆளு பாடையில போய்ப் படுக்குறதா? என் கழுத்துல கெடக்குறதைக் கொஞ்சமாச்சும் நெனைச்சுப் பாத்தீகளா?”

பதில் இல்லாதபோது ஆண்பிள்ளைகள் செய்கிறதைச் செய்தேன். சத்தம் போட்டேன். “நீ பூண்டு அரிஞ்சு நான் சாப்பிடுறது மட்டும் நல்லாருக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை போனேன். பச்சை மூங்கிலில் பாடை, மேலே தென்னங்கீற்று. கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் தனித்தனியே சேர்த்துக் கட்டினார்கள். தாடையைச் சுற்றித் துணி. மூக்கில் பஞ்சு. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. என் பட்டச் சான்றிதழின் நகலைப் பெரிதாக்கி மார்பில் குத்தினார்கள். ‘கண்ணீர் அஞ்சலி - வேலைவாய்ப்பு’ என்று தலைமாட்டில் ஒரு தட்டி. கட்டிவிட்ட ஆள் சொந்தத்தில் நிறையச் சாவு பார்த்தவர் போலிருந்தது. “மூச்சை வயித்தால விடு தம்பி, நெஞ்சு ஏறி எறங்குனாப் போட்டோவுல தெரியும்,” என்று சொல்லிக்கொடுத்தார்.

தூக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு போகும்போது பங்களாமேடு எவ்வளவு மேடு என்று முதுகுக்குத் தெரிந்தது. பெண்கள் பாடினார்கள். “ஆபீசு போவேன்னு தேச்சு வச்ச சட்டை, ஆணியில தொங்குதய்யா, எங்க ராசா”, இப்படி அங்கேயே கட்டிப் பாடினார்கள். என் வீட்டு ஆணியில் அப்படி ஒரு சட்டை தொங்கத்தான் செய்தது. மாமனார் எடுத்துக் கொடுத்த வெளிர்நீலச் சட்டை, வேலையில் சேருகிற நாளுக்கென்று. சிரிப்பு அதோடு போய்விட்டது.

பாடையை இறக்கி நடுரோட்டில் வைத்தார்கள். பேச்சாளர் மைக்கைத் தட்டினார். கரகரத்த, பழகிய குரல்.

“பெரியோர்களே! தாய்மார்களே! ஆட்சிக்கு வந்தவர்கள் முதல் கையெழுத்தை எதற்குப் போட்டார்கள்? வேலைக்கா? இல்லை! புதுக் கார் வாங்கப் பணம் இருக்கிறது. பழைய கட்டடத்துக்குப் புதுச் சாயம் பூசப் பணம் இருக்கிறது. பெயர்ப்பலகையை மாற்றி எழுதப் பணம் இருக்கிறது. படித்த இளைஞனுக்கு ஒரே ஒரு நாற்காலி போடச் சொன்னால் மட்டும் கஜானா காலி! எதற்கு முன்னுரிமை? நான் கேட்கிறேன், எதற்கு முன்னுரிமை?”

கூட்டம் கைதட்டியது. நான் படுத்துக்கொண்டு கேட்டேன். ஆளுக்கு ஆள் பேசுகிற பேச்சுத்தான் என்று ஒதுக்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனிதர் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு உண்மையாகப் பட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. என் துக்கத்தை என்னைவிட நன்றாக அவர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு வேன் ஏறிப் போய்விடுவார், எனக்கு அதே ஜெராக்ஸ் கடை. முன்னுரிமை, முன்னுரிமை என்று அவர் கேட்கக் கேட்க, மாசி மாதத்தில் உங்களுக்கு எது ஐயா முன்னுரிமையாக இருந்தது என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. தாடையைக் கட்டியிருந்தார்கள்.

“இதோ கிடக்கிறானே, இவன் பி.ஏ. படித்த பிணம்! பதினோரு வருடம் வரிசையில் நின்ற பிணம்! இவன் கட்டிக்கொண்ட பெண் இன்றைக்குப் பூண்டு மண்டியில் கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாள். அவள் விரல் எரிகிறதே, அந்த எரிச்சல் கோட்டைக்குக் கேட்கிறதா?”

யார் அவருக்கு அதைச் சொன்னது? ஒன்றியம்தான் சொல்லியிருக்க வேண்டும். தேனி நடுரோட்டில், பஸ்ஸை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற நூறு பேருக்கு முன்னால், என் மனைவியின் விரலை எடுத்துக் காட்டினார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூடிய கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. கை கட்டிக் கிடந்தவனுக்குத் துடைக்க வழியில்லை.

பக்கத்தில் யாரோ போட்டோக்காரர் சொன்னார். “பொணம் அழுகுதுய்யா. யாராச்சும் கண்ணைத் தொடைச்சு விடுங்க, படம் எடுக்கணும்.”

ஒருவர் துண்டால் துடைத்துவிட்டார். படம் எடுத்தார்கள்.

அதற்குள் போலீஸ் வந்தது. மறியல், கைது, வேன். எல்லாருக்கும் பழகிய காரியம் போல வேனில் இடம் பிடித்து ஏறினார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று ஒன்றியம் சொன்னார். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்தது. மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நானும் சாப்பிட்டேன். நல்ல பசி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஏட்டையா ஒரு நீளத்தாளோடு வந்தார். கைதானவர்கள் பெயரை எழுத வேண்டும். அவருக்கு வலது கட்டைவிரலில் ஏதோ காயம், துணி சுற்றியிருந்தது. “கையெழுத்து நல்லா இருக்கிற ஆளு யாருப்பா? ஒரு கை எழுதிக் குடுங்க,” என்றார்.

நான் எழுந்து போனேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. பழக்கம் இழுத்துக்கொண்டு போனது.

மாப்பிள்ளை அறையில் கிடந்த மேசையில் தாளை வைத்து, ஸ்கேல் இல்லாமலே நேராகக் கோடு போட்டேன். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், முகவரி. முதலில் என்னுடையதையே எழுதினேன். ஒன்று. என் பெயர், பி.ஏ. தகப்பனார் பெயர். கதவு எண். தெரு. வடுகபட்டி. தாலுகா. மாவட்டம். பின்கோடும் போட்டேன். வேலைவாய்ப்புப் பதிவு எண் எனக்கு மனப்பாடம். அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

பிறகு ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஒருவர் செத்துப்போன தன் சித்தப்பா பெயரைச் சொன்னார். ஒருவர் எதிர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். ஒருவர் ஊரை மாற்றினார். ஒன்றியம் தன் பெயரைச் சொல்லவே இல்லை. “என்னைய ஏட்டையாவுக்குத் தெரியும்,” என்று போய்விட்டார். போகிறபோது என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

“ஏன் தம்பி, ஒன் வெலாசத்தை எதுக்கு இம்புட்டு வெவரமா எழுதுற?”

“பொய் எழுதிப் பழக்கமில்லண்ணே,” என்றேன்.

பெருமையாகச் சொன்னேன், அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது என் மனதில் ஓடியது என்ன என்றால், இந்தத் தாள் மேலே போகும். ஏட்டையாவிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு, அங்கிருந்து இன்னும் மேலே. எங்கேயோ ஓர் அதிகாரி எடுத்துப் பார்ப்பார். பி.ஏ. என்று பார்ப்பார், பதிவு எண்ணைப் பார்ப்பார், பாவம் என்று நினைப்பார். பதினோரு வருடமாக நான் எழுதியது எல்லாம் விண்ணப்பம். தாள் என்று ஒன்றைக் கொடுத்தால் அதை விண்ணப்பமாகத்தான் எனக்கு எழுதத் தெரிந்தது. கைதுப் பட்டியலையும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் பின்வாசலில் அண்டா நிறையத் தண்ணீரோடு நின்றாள். “உள்ள வராதீக. அங்கனயே நில்லுங்க,” என்றாள். தலையோடு தண்ணீர் ஊற்றினாள். துணியோடு நின்றேன். குடம் குடமாக ஊற்றினாள். அண்டா தீர்ந்தும் அவளுக்கு ஆறவில்லை. கால்விரலில் கயிறு கட்டியிருந்த தடத்தைக் குனிந்து தேய்த்து விட்டாள். “அழுதீகளாமே,” என்றாள். மண்டிக்கு வந்த லோடு வண்டிக்காரர் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். “உன் விரலைப் பத்திப் பேசிட்டாக,” என்றேன். அவள் தன் விரலைப் பார்த்துவிட்டு, “பேசட்டும். எரியுறது அவுகளுக்கா?” என்றாள்.

சட்டசபையில் கேள்வி வந்ததா என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதம் பேப்பரில் தேடினேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து, எதிர்பார்ப்பே போன பிறகு, தபால் வந்தது. பட்டியலில் இருந்த சிலர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். தேர்வாகி நின்றவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. காவல்துறைச் சரிபார்ப்புக்கான படிவத்தை நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மண்டிக்கு ஓடினேன். அவள் எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து புளியும் உப்பும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள்.

படிவத்தில் ஒரு கட்டம்: ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ பேனா அங்கே நின்றது. நேரே ஒன்றியத்திடம் போனேன். அவர் சிரித்தார்.

“மண்டபத்துல ஒக்காந்து எலுமிச்சஞ்சோறு தின்னது கைதாடா? அப்படிப் பாத்தா நான் எரநூறு தடவ கைது. அதெல்லாம் அன்னிக்கே முடிஞ்சு போச்சு. ‘இல்லை’ன்னு எழுது.”

இல்லை என்று எழுதினேன். அரசாங்கத்துக்கு நான் எழுதிய முதல் பொய் அதுதான். பொய் என்று தெரிந்து எழுதவில்லை.

பத்து நாளில் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். உதவி ஆய்வாளர் என் வயதுக்காரர்தான். முகத்தில் கடுமை இல்லை. கோப்பைத் திறந்து ஒரு நீளத்தாளை என் பக்கம் திருப்பினார். கோடு போட்ட தாள். முத்து முத்தான எழுத்து.

“இது யாரு எழுதுனது?”

“நான்தான் சார்.”

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “போக்குவரத்துக்கு இடைஞ்சல், சட்டவிரோதமாக் கூடுனதுன்னு அன்னைக்கு கேஸ் போட்ருக்காக. முப்பத்தி சொச்சம் பேரு. விசாரிக்கப் போனா ஒரு பயலும் இல்ல. செத்தவன், ஊர்ல இல்லாதவன், அப்படி ஒரு தெருவே இல்ல. ஊர்ல விசாரிச்சதுல வெலாசம் சரியா இருந்தது ஒரே ஆளு, சம்மன்தேன் இன்னும் அனுப்பல. கேஸ் உங்க பேருலதேன் நிக்குது. முதல் குற்றவாளி நீங்க. பின்கோடு வேற போட்ருக்கீக.” தாளை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “கேஸ் மட்டும்னாக்கூட மேல எழுதிப் பாத்திருக்கலாம். படிவத்துல ‘இல்லை’ன்னு மறைச்சுட்டீகளே, படிச்ச ஆளு,” என்றார்.

நான் அவர் காலில் விழுந்தேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் பதறிப்போய் எழுந்து என்னைத் தூக்கினார். “நான் என்னங்க பண்ண முடியும், இது ரெக்கார்டு,” என்றார். என் கையெழுத்தின் அழகு அந்த ரெக்கார்டில் அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒன்றியத்திடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கட்சி வக்கீலைக் கூட்டிவந்தார். வக்கீல் ஒளிக்காமல் சொன்னார்: குற்றத்தை ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு கேஸ் முடியும், ஆனால் தண்டனை பெற்றவன் என்று ஆகும். நடத்தினால் ஜெயிக்கலாம், ஆனால் வருடக் கணக்கில் ஆகும். வேலையில் சேர எனக்குக் கொடுத்திருந்தது முப்பது நாள். ஒன்றியத்துக்கு மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம். “விடக்கூடாது தம்பி. வேலைக்காகப் போராடுன பட்டதாரிக்குக் கெடச்ச வேலையையும் புடுங்குன ஆட்சி! அடுத்த கூட்டத்துல இதுதேன் பேச்சு. நீ மேடையில வந்து ஒக்காரு, அது போதும்.”

“பேசாதீங்கண்ணே, ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், பேசாதீங்க,” என்றேன்.

பேசினார்கள். பெரியகுளத்தில் கூட்டம். நான் போகவில்லை. ஒலிபெருக்கி என் மேசைவரை கேட்டது. அதே கரகரத்த குரல். இந்த முறை விரலைப் பற்றிச் சொல்லவில்லை, என் பின்கோடைப் பற்றிச் சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் ஒரு கிழவருக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். “யாரோ பாவம்,” என்றார் அவர்.

முப்பது நாள் முடிந்த மறு வாரம், உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருடமாம், இரண்டு பெண்பிள்ளைகளாம். நான் எழுதினால் ராசி என்று யாரோ சொல்லி இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அதே படிவம். பதிவறை எழுத்தர்.

“நான் ஆறாவதாக் கெடந்தேன்ணே. மேல ஒரு ஆளு கழிஞ்சு போச்சாம். எனக்கு வந்துருச்சு,” என்றாள். படிவத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

எழுதிக் கொடுத்தேன். வேறு கடைக்குப் போ என்று சொல்லியிருக்கலாம். பெயர், தகப்பனார் பெயர், முகவரி, பின்கோடு. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ என்ற கட்டம் வந்தபோது கேட்டேன். “அல்லாவே, அதெல்லாம் இல்லண்ணே,” என்றாள். ‘இல்லை’ என்று எழுதினேன். மை காயும்வரை ஊதிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஏன் என்று கேட்டாள். முதல் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொடுங்கள் என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்புகிறவரை அவள் முதுகை வெறுத்தேன்.

கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அந்தப் பெண் வந்ததையும் நான் எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைக இருக்கா?”

“ரெண்டு. பொம்பளப் பிள்ளைக.”

“அப்பச் சரி,” என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் அழுது பார்த்ததில்லை. பட்டியல் நின்றபோது அழவில்லை, மண்டிக்குத் திரும்பியபோது அழவில்லை, நான் கத்தியபோதெல்லாம் அழவில்லை. இப்போது வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கையைப் பிடித்தேன். உதறினாள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர் வீட்டுப் பெண்கள் ஈரக் கையோடு ஓடிவந்தார்கள். என்னவோ ஏதோ என்று அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“என்னாச்சு? சொல்லுங்கப்பா, என்னாச்சு இவளுக்கு?”

“வேலை போயிருச்சு,” என்றேன்.

அவர்கள் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, நிஜமாகவே புரியாமல், இரக்கத்தோடுதான் கேட்டாள்:

“எந்த வேலை?”